சரக்குக் கலத்தைக் காணோம்: மேல்தளத்தில் நிற்பவருக்கான பிழை நீக்கும் குறிப்பு

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் புளோக்குக்கு எதிரே ஒரு பலமாடிக் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குச் சரக்குக் கலம் கிளம்பும் வாரங்களில் அதன் மேல்தளத்தில் பத்துப் பேராவது கூடிவிடுவோம். நிலையம் பளிச்சென்று வானத்தைக் கடக்கும். அதற்கு முன்னாலோ பின்னாலோ சோறு, தண்ணீர், எரிபொருள், ஆய்வுக் கருவிகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஆளில்லாக் கலம் ஒன்று மங்கலான புள்ளியாகப் போகும். இரண்டையும் ஒரே மாலையில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் ஆசை. பாதி நாள் அது நடப்பதில்லை. மறுநாள் காலை காப்பிக்கடையில் நான் தேநீரைக் கையில் எடுப்பதற்குள் முறையீடு வந்துவிடும்.

ஒரே முறையீட்டுக்கு ஒரே பதிலைச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். வானியல் பாடம் இதில் இல்லை. என்ன குறை, என்ன காரணம், எதைச் சோதிப்பது, எந்தக் கட்டத்தில் விஷயம் தெரிந்தவரிடம் போவது என்பது மட்டும்தான். காசு ஆகாத காரணங்கள் முதலில் வரும், பணம் கரையும் காரணங்கள் கடைசியில். நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கலம் தெரியவில்லை என்றதும் மறுநாளே புது பைனாகுலர் வாங்கி வருகிறார்கள். கைப்பேசியில் ஊர் பெயர் தவறாக இருந்ததை அதற்குப் பிறகுதான் கவனிக்கிறார்கள்.

## குறை: சொன்ன நேரத்துக்கு அண்ணாந்து பார்த்தேன், ஒன்றுமே வரவில்லை

### முதலில் ஊரும் மணியும்

நிலையம் கடக்கும் நேரத்தைக் கணித்துச் சொல்லும் கைப்பேசிச் செயலியைத் திறந்து எந்த ஊர் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். நான்காம் மாடி அத்தை தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்தார். அதன் பிறகு மூன்று முறை மேல்தளத்துக்கு வந்து வெறும் வானத்தைப் பார்த்துவிட்டுப் போனார். கைப்பேசியை வாங்கிப் பார்த்தால் செயலி இன்னும் சென்னையிலேயே இருந்தது. "இரண்டரை மணி நேரத்தைக் கூட்டித்தானே தம்பி பார்க்கிறேன்" என்றார். அப்படிக் கூட்டினால் சரியாகாது. சென்னை 2,900 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே தலைக்கு மேல் போவது இங்கே அடிவானத்தைக்கூடத் தொடாமல் போகலாம். மணியைத் திருத்திப் பயனில்லை, ஊரை மாற்ற வேண்டும்.

ஏவுதல் செய்தியிலிருந்து கணக்குப் போடுகிறவர்களுக்கு வேறு பொறி உண்டு. கசகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பும் ரஷ்யாவின் புரோகிரஸ் சரக்குக் கலத்துக்குப் பெரும்பாலும் மாஸ்கோ நேரம் சொல்வார்கள், 5 மணி நேரம் கூட்டுங்கள். உலகப் பொது நேரம் என்றால் 8. ஃபுளோரிடா என்றால் அங்கே கோடை நேரம் இருக்கும் மாதங்களில் 12, மற்ற மாதங்களில் 13. அங்கே 14ஆம் தேதி மாலை என்றால் நமக்கு 15ஆம் தேதி காலை. இந்தத் தேதி மாறுவதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. ஹைனான் தீவிலிருந்து கிளம்பும் சீனாவின் தியான்சோ சரக்குக் கலத்துக்கு மட்டும் எந்தக் கணக்கும் வேண்டாம். பெய்ஜிங் மணியும் நம் மணியும் ஒன்றுதான்.

### மணி சரி. ஆனால் அது தெரியக்கூடிய மணிதானா?

நிலையத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நாம் இருட்டில் நிற்க வேண்டும், அது வெயிலில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இந்த இடைவெளி குறுகியது. சூரியன் மறைந்து 25 நிமிடம் ஆனபின் தொடங்கி, மறைந்து 80 நிமிடம் ஆகும்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஏறக்குறைய இரவு ஏழரை முதல் எட்டரை வரை. விடியலில் இதே கணக்கு தலைகீழாக, ஐந்தே முக்கால் முதல் ஆறரை வரை. இரவு 11 மணிக்கு நிலையம் தலைக்கு மேலேயே போனாலும் கண்ணுக்குத் தெரியாது.

"லண்டனில் இருக்கும் என் மகன் நள்ளிரவில் பார்த்தானே" என்று ஒருவர் வாதாடினார். மகன் சொன்னதும் உண்மைதான். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் அடிவானத்துக்கு அதிகம் கீழே இறங்குவதில்லை, அதனால் நிலையம் இரவு முழுவதும் வெயிலில் இருக்கும். நமக்கு அந்தச் சலுகை இல்லை.

### திசையும் உயரமும்

கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. செயலி சொல்லும் உச்ச உயரம் 20 டிகிரிக்குக் கீழே என்றால் நான் மேல்தளத்துக்கே போவதில்லை. அந்த உயரத்தில் நிலையம் நம்மிடமிருந்து 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் போகிறது, மங்கலாகத்தான் தெரியும். வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இன்னும் மோசம். எதிர்ப் புளோக்கே மூன்று முட்டி உயரத்துக்கு வானத்தை மறைத்துவிடும். உங்கள் தாழ்வாரம் வடகிழக்கைப் பார்த்திருந்தால் மாலைக் கடப்பின் முதல் பாதி உங்களுக்குக் கிடையாது. நிலையம் தென்மேற்கிலோ வடமேற்கிலோதான் எழும்.

கைப்பேசித் திசைகாட்டியை இரும்புக் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். அது எந்தத் திசையை வேண்டுமானாலும் காட்டும். சூரியன் எந்தப் புளோக்குக்குப் பின்னால் மறைந்தது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அது வருடம் முழுவதும் மேற்கிலிருந்து அதிகம் விலகுவதில்லை.

### மேகம்

கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேகம்தான் ஏமாற்றும். நிலையம் வருவதற்கு ஐந்து நிமிடம் முன் வானத்தில் நட்சத்திரம் ஒன்றையாவது கண்டுபிடியுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் இறங்கிப் போய்ச் சாப்பிடுங்கள். டிசம்பர், ஜனவரி மழை மாதங்களில் இது அடிக்கடி நடக்கும். ஆண்டின் நடுவில் விடியற்காலைக் கடப்பை நம்பி எழுந்தால் சுமத்ராப் பக்கமிருந்து வரும் காற்றுமழை அதைக் கெடுக்கும். இதற்கு மருந்து இல்லை.

### எல்லாம் சரி, ஆனால் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தது

இது பழைய கணிப்பின் குறை, காரணம் சரக்குக் கலமேதான். நிலையம் மெல்லிய காற்றில் உரசிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். அதனுடன் இணைந்து நிற்கும் புரோகிரஸோ அமெரிக்காவின் சிக்னஸ் சரக்குக் கலமோ தன் எஞ்சினை இயக்கி அதை மறுபடி மேலே தள்ளும். ஒரு கிலோமீட்டர் உயர்ந்தாலே ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் விநாடி கூடும். நாளுக்குப் பதினைந்தரைச் சுற்று. ஒரு வாரத்துக்கு முன் எடுத்து வைத்த அட்டவணை இரண்டு நிமிடத்துக்கு மேல் பிசகும்.

சோதனை எளிது. கணிப்பை அன்று மாலையே புதிதாக எடுங்கள். யாரோ அனுப்பிய பட்டியலின் படத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு வராதீர்கள். அட்டவணை நேரத்துக்குப் பிறகும் மூன்று நிமிடம் நில்லுங்கள்.

இவ்வளவையும் சரிபார்த்தபின் இரண்டு நல்ல கடப்புகள் தொடர்ந்து தவறினால், வானம் பார்த்துப் பழகிய ஒருவருக்குப் பக்கத்தில் நின்று ஒரு முறை பாருங்கள். இந்தக் குறைக்கு அதைவிடப் பெரிய நிபுணர் தேவையில்லை.

## குறை: வந்தது, பாதி வானத்தில் அணைந்துவிட்டது

குறை எதுவும் இல்லை. நிலையம் பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. சில விநாடிகளில் மங்கிச் செம்மையாகி மறையும். மாலையில் இது கிழக்குப் பக்கத்தில் நடக்கும். எட்டு மணிக்குப் பிறகு வரும் கடப்பு என்றால் தலைக்கு மேலேயே நடக்கலாம். விடியலில் எதிர்மாறாக, வெறும் வானத்தின் நடுவில் திடீரென்று விளக்குப் போட்டதுபோல் தோன்றும். செயலியில் 'மறையும் நேரம்' என்று தனியாக ஒரு மணி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்தால் மனம் கசக்காது.

## குறை: நிலையம் தெரிந்தது, சரக்குக் கலம் தெரியவில்லை

மேல்தளத்துக்கு ஏறி வருவதே இதற்காகத்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

### கலம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டதா?

2018 ஜூலையில் புரோகிரஸ் எம்எஸ்-09 கிளம்பி 3 மணி 40 நிமிடத்தில் நிலையத்தில் இணைந்துவிட்டது. 2022 நவம்பர் 12 அன்று தியான்சோ-5 சீன நிலையத்தை 2 மணி 7 நிமிடத்தில் எட்டியது. நம்மவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, மின்தூக்கிக்குக் காத்திருந்து மேலே ஏறுவதற்குள் அங்கே இணைப்பே முடிந்துவிடும். இப்படி விரைந்து போகிறவற்றை நாம் பிடிப்பது பெரும்பாலும் நடக்காது.

ஆகவே செய்தியில் ஏவும் நேரத்தையும் இணையும் நேரத்தையும் பாருங்கள். இடைவெளி ஒரு நாளைத் தாண்டினால்தான் வாய்ப்பு. புரோகிரஸ் பலமுறை 2 நாள் வழியில் வருகிறது. சிக்னஸ் நிதானமானது. ஜப்பானின் எச்டிவி-எக்ஸ் முதல் பயணத்தில் 2025 அக்டோபர் 26 அன்று கிளம்பி, நான்காவது நாள்தான் நிலையத்தின் எந்திரக் கையில் பிடிபட்டது. நமக்கு ஏற்றவை இவைதான்.

### கிளம்பவே இல்லையா, வழியில் நிற்கிறதா?

ஏவுதல் தள்ளிப்போவது தினசரிக் கதை. கிளம்பிய பிறகும் சிக்கல் வரும். 2025 செப்டம்பர் 14 அன்று கிளம்பிய சிக்னஸ் எக்ஸ்எல் கலத்தின் முதன்மை எஞ்சின் திட்டமிட்ட நேரத்துக்கு முன்பே நின்றுபோனது. 17ஆம் தேதி சேர வேண்டியது 18ஆம் தேதிதான் சேர்ந்தது. எஞ்சின் இயக்கம் ஒன்று தவறினால் கலம் நிலையத்துக்கு எவ்வளவு பின்னால் இருக்கும் என்ற கணக்கு முழுவதும் மாறிவிடும். மேலே ஏறும் முன் கடைசிச் செய்தியை ஒரு முறை பாருங்கள்.

### எந்த நிலையத்துக்குப் போகும் கலம்?

இதைக் கேட்க எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டே ஆக வேண்டும். தியான்சோ போவது சீனாவின் தியாங்கோங் நிலையத்துக்கு. புரோகிரஸ், சிக்னஸ், டிராகன், எச்டிவி-எக்ஸ் போவது அனைத்துலக நிலையத்துக்கு. இரண்டு நிலையங்களும் நம் தலைக்கு மேல் போகின்றன. பகிர்ந்துவரும் செய்திகளில் ஒன்றின் படமும் மற்றதன் நேரமும் கலந்திருக்கும். தியான்சோவைத் தேடி அனைத்துலக நிலையத்தின் பின்னால் பார்த்துக்கொண்டிருந்த மாலை ஒன்று எங்களுக்கும் உண்டு.

### பக்கத்திலேயே தேடினீர்களா?

பலர் நிலையத்தை ஒட்டியே கண்ணை ஓட்டிவிட்டு 'இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். நிலையம் விநாடிக்கு 7.6 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. கலம் 100 கிலோமீட்டர் பின்னால் இருந்தால் அது 13 விநாடி கழித்து வரும். தலைக்கு மேல் போகும்போது அந்த இடைவெளி வானத்தில் ஒரு முட்டிக்கும் மேல். ஒரு நிமிடம் பின்னால் என்றால் இது உச்சியில் இருக்கும்போது அது மேற்கில் எங்கோ இருக்கும். இணைவதற்கு முதல் நாள் என்றால் பல நிமிட இடைவெளி சாதாரணம். நிலையம் மறைந்ததும் பையை மூடிவிடுகிறவர்கள்தான் பெரும்பாலும் கலத்தைத் தவறவிடுகிறார்கள்.

நான் செய்வது இதுதான். நிலையம் கடந்துபோகும்போது அது எந்த நட்சத்திரத்தை உரசிப் போகிறது என்று குறித்துக்கொள்வேன். பைனாகுலரை அந்த இடத்தில் வைத்துவிட்டுக் கையை ஆட்டாமல் காத்திருப்பேன். கலத்தைத் துரத்தக் கூடாது, அது நம் வாசலுக்கு வர வேண்டும். பூமி சுழல்வதால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பாதை கொஞ்சம் மேற்கே நகரும். தலைக்கு மேல் என்றால் நிமிடத்துக்கு இரண்டு விரல் அகலம். இதை மறந்து பழைய கோட்டிலேயே பார்த்தால் கலம் பைனாகுலரின் வட்டத்துக்கு வெளியே போய்விடும்.

நிலையத்துக்கு முன்னாலும் ஐந்து நிமிடம் பாருங்கள். பிரிந்து போகும் கலம் கீழே இறங்கி வேகம் பிடித்து முன்னால் போகும். பிரியும் நாளையும் நாங்கள் விடுவதில்லை. புரோகிரஸ் பிரிந்தபின் தென் பசிபிக்கின் மேல் எரிந்து விழும்வரை அதைப் பார்க்க ஒரு வாய்ப்பாவது கிடைக்கலாம்.

### கலம் நிழலில் இருக்கிறதா?

இதைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் ஆனது. நிலையம் 400 கிலோமீட்டருக்கு மேலே இருக்கிறது. புதிதாகக் கிளம்பிய கலம் 250 கிலோமீட்டர் உயரத்திலேயே இருக்கலாம். தாழ்வாக இருப்பதற்கு இருட்டு முன்பே வந்துவிடும். தலைக்கு மேல் அந்த உயரத்தில் இருப்பது சூரியன் மறைந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே நிழலுக்குள் போய்விடும், நிலையத்துக்கோ 80 நிமிடம். ஆகவே எட்டேகால் மணிக் கடப்பில் நிலையம் பளபளவென்று போகும், பின்னால் வரும் கலம் இருட்டில் போகும். ஏழரை மணிக் கடப்பைத் தேர்ந்தெடுங்கள்.

### மங்கலாக இருக்கிறதா?

நிலையம் முனைக்கு முனை 109 மீட்டர். நல்ல கடப்பில் வெள்ளிக் கிரகத்துக்கு ஈடாக ஒளிரும். புரோகிரஸ் 7 மீட்டர் சொச்சம்தான். நம் ஊர் வானம் இரவிலும் ஆரஞ்சும் சாம்பலுமாக இருக்கிறது, அதில் இந்தச் சிறு புள்ளி கரைந்துவிடும்.

செலவில்லாத வழிகள்: மேல்தள விளக்குக் கம்பத்துக்கு முதுகைக் காட்டி, படிக்கட்டுச் சுவரின் நிழலில் நில்லுங்கள். கைப்பேசியைப் பதினைந்து நிமிடம் தொடாதீர்கள். 'எத்தனை மணிக்கு' என்று ஒருவர் திரையை ஏற்றினால் சுற்றி நிற்கும் ஐந்து பேரின் கண்ணும் போயிற்று. புள்ளியை நேராக வெறிக்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள், மங்கலானது அப்போதுதான் தட்டுப்படும்.

இவை பலிக்காவிட்டால் 7x50 அல்லது 10x50 பைனாகுலர். முதலில் இரவல் வாங்குங்கள். சில நூறு வெள்ளி செலவழிக்கும் முன் மேலே சொன்ன ஐந்தும் சரிதானா என்று பார்த்துவிடுங்கள். தொலைநோக்கி வாங்க யாராவது யோசனை சொன்னால் இந்த வேலைக்கு வேண்டாம் என்பேன். அதில் தெரியும் வானம் மிகச் சிறியது, விநாடிக்கு ஒரு டிகிரி ஓடும் பொருளை அதில் பிடிப்பதற்குள் கடப்பு முடிந்துவிடும்.

### செயலியில் கலத்தின் பெயரே இல்லை

புதிதாகக் கிளம்பியதைப் பட்டியலில் சேர்க்க நேரம் ஆகும். நிலையத்தின் பாதையையே வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

## குறை: புள்ளி மினுக்குகிறது

சிவப்பு, பச்சை விளக்குகளோடு ஒழுங்காக மினுக்கினால் விமானம். ஒரே இடத்தில் நின்று மெல்லப் பெரிதானாலும் விமானம்தான். சாங்கிக்கு இறங்க நம் பக்கமாகவே வருகிறது. வெள்ளையாக, சில விநாடிக்கு ஒரு முறை பளிச்சிட்டுக்கொண்டு போனால் அது கலத்தை ஏற்றிவந்த ராக்கெட்டின் மேல்கட்டமாகவோ வேறு பழைய ராக்கெட்டாகவோ இருக்கலாம், உருண்டுகொண்டே போவதால் அப்படித் தெரியும். பல புள்ளிகள் ரயில்பெட்டிபோல் வரிசையாகப் போனால் அவை ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் "வந்துவிட்டது, வந்துவிட்டது" என்று கத்துவார். அது சிங்கப்பூர் விமானப் பயணிகளுக்கு நாம் காட்டும் மரியாதை என்று வைத்துக்கொள்வோம்.

## குறை: படம் கெட்டுவிட்டது

### படம் முழுவதும் பால்போல் மங்கல்

குளிரூட்டி போட்ட அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்து வந்தீர்கள். லென்ஸ் முகப்பில் ஈரம் படிந்துவிட்டது. துடைத்தால் மறுபடி படியும். அரை மணி நேரம் முன்பே பையை மூடியபடி வெளியே வைத்துவிடுங்கள், பையைத் திறக்காமல் சூடு ஏறட்டும்.

ஈரம் இல்லாத நாளிலும் மங்கல் இருந்தால் லென்ஸுக்குள் கைவிளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் அலமாரியில் சும்மா வைத்த லென்ஸுக்கு இது வராமல் இருந்தால்தான் அதிசயம். நீங்களே பிரிக்காதீர்கள், லென்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். விலையை முதலிலேயே கேளுங்கள், பழைய லென்ஸ் என்றால் சுத்தம் செய்யும் கூலி அதன் மதிப்பைத் தாண்டிவிடும். அதன் பிறகாவது ஈரம் எடுக்கும் உலர் பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள்.

### படம் வெள்ளையாக வெளுத்திருக்கிறது

ஒளியை அதிக நேரம் உள்ளே விட்டிருக்கிறீர்கள். ஒரே படத்தில் முழுக் கடப்பையும் எடுக்க நம் வானம் இடம் கொடுக்காது. அகலக் கோண லென்ஸ், துளை அளவு 4, ஐஎஸ்ஓ 400, ஒரு படத்துக்கு 8 அல்லது 10 விநாடி. இப்படி முப்பது நாற்பது படம் தொடர்ந்து எடுத்துப் பிறகு கணினியில் ஒன்றாக அடுக்குங்கள். இன்னும் வெளுத்தால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள்.

### கோடு துண்டு துண்டாக இருக்கிறது

படத்துக்குப் படம் சிறு இடைவெளி விழத்தான் செய்யும். படம் அளவுக்கே இடைவெளியும் இருந்தால் கேமராவில் நீண்ட நேரப் படங்களுக்கான இரைச்சல் நீக்கம் இயங்குகிறது. அது ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே நேரத்துக்கு இன்னொரு இருட்டுப் படம் எடுக்கும். அணைத்துவிடுங்கள்.

### கோடு நெளிகிறது

மேல்தளத்தின் சரிவில் கார் ஏறும்போது தரையே அதிரும். முக்காலியைச் சரிவுப் பாதையிலிருந்து தள்ளி, தூண் இருக்கும் இடத்துக்கு மேலாக வையுங்கள்.

### கைப்பேசியில் எடுத்தேன், கோடே இல்லை

இரவுப் படமுறை பல படங்களைச் சேர்த்து, நகர்ந்ததை 'குறை' என்று நினைத்து அழித்துவிடும். நீங்கள் பார்க்க வந்ததையே அது துடைத்துவிட்டது. கையால் அமைக்கும் முறைக்கு மாற்றி, குவியத்தைத் தொலைவில் உள்ள புளோக் விளக்கில் நிறுத்துங்கள்.

## குறை: நேரலையில் கலம் நின்றுவிட்டது

மழை நாளில் வீட்டில் உட்கார்ந்து இணைப்பை நேரலையில் பார்க்கிறவர்களின் முறையீடு இது. திரை உறைந்தாலோ ஒரே நிறமானாலோ பெரும்பாலும் செய்தி கடத்தும் செயற்கைக்கோளின் தொடர்பு சற்று விட்டுப்போயிருக்கிறது, உங்கள் இணையத்தைக் குறை சொல்லாதீர்கள். படம் ஓடுகிறது, கலம் மட்டும் அசையாமல் நிற்கிறது என்றால் அது நிறுத்தப் புள்ளியில் காத்திருக்கிறது. பின்வாங்கினாலும் பதற வேண்டாம், மறு முயற்சி உண்டு. 1997 ஜூன் 25 அன்று புரோகிரஸ் எம்-34 ரஷ்யாவின் பழைய மிர் விண்வெளி நிலையத்தின் ஸ்பெக்டர் பகுதியில் மோதி அதில் காற்றுக் கசிவு ஏற்பட்டது. அதை நினைத்தால் நிறுத்தி நிதானித்து வருவது மேல். 'இணைந்தது' என்று அறிவித்தும் கதவு திறக்கவில்லையா? கசிவு இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். தூங்கப் போங்கள்.

## குறை: ஒன்று தெரிய வேண்டிய இடத்தில் இரண்டு தெரிகிறது

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் எங்களோடு வருவார். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். ஒரு மாலை கலம் முந்திய இரவே இணைந்துவிட்டிருந்தது. நிலையம் மட்டும் வந்தது. நாங்கள் எல்லோரும் ஏமாற்றத்தோடு நிற்க, அண்ணன் மட்டும் மகிழ்ச்சியோடு, "இரண்டும் தெரிகிறது தம்பி. பெரியது முன்னால், சின்னது அதை ஒட்டி மேலே" என்றார். அவருக்குத்தான் கண் கூர்மை என்று மற்றவர்கள் பாராட்டினார்கள். கலம் இணைந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லாமல் தூரத்து விளக்குக் கம்பத்தைக் காட்டி, "அங்கே எத்தனை விளக்கு அண்ணே?" என்று கேட்டேன். ஒரே விளக்குதான் இருந்தது. "இரண்டு" என்றார்.

பைனாகுலரில் மட்டும் இரண்டாகத் தெரிந்தால் முதலில் நடு மடிப்பை உங்கள் கண் இடைவெளிக்குச் சரிசெய்யுங்கள். அப்படியும் இரண்டு, ஆனால் ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிறது என்றால் பைனாகுலர் எங்கோ விழுந்து உள்ளே கண்ணாடிகள் கோணிவிட்டன. மலிவானது என்றால் தூக்கிப் போடுங்கள், நல்லது என்றால் ஒளிக்கருவி பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். அதில் தொடர்ந்து பார்த்தால் தலைவலிதான் மிஞ்சும்.

வெறும் கண்ணிலேயே இரண்டு என்றால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணை மட்டும் திறந்திருக்கும்போதும் இரண்டாகத் தெரிந்தால் குறை அந்தக் கண்ணில். கண்ணாடியின் பவர் மாறியிருக்கலாம், கண்புரையாகவும் இருக்கலாம். பலதுறை மருந்தகத்துக்குப் போய்க் கண் மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள், அந்த வழியில் போனால் கட்டணக் கழிவும் உண்டு. எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிடுகிறது என்றால் இரு கண்களும் சேர்ந்து இயங்குவதில் சிக்கல், அதையும் மருத்துவர் சீக்கிரம் பார்க்க வேண்டும். இரட்டைப் பார்வை திடீரென்று வந்து, கூடவே கடும் தலைவலியோ, முகக் கோணலோ, பேச்சுக் குழறலோ இருந்தால் மேல்தளத்திலிருந்தே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

அண்ணனுக்கு வலது கண்ணில் புரை. எங்களோடு வானம் பார்த்துப் பார்த்து அது வந்துவிட்டதாக அவர் மனைவி சில நாள் எங்கள்மேல் கோபமாக இருந்தார். அறுவைச் சிகிச்சை முடிந்து, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு ஒரு மாலை மறுபடி மேலே வந்தார். அன்று இணைவதற்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. ஏழு முப்பத்தாறுக்கு நிலையம் போனது. எல்லோரும் அப்படியே நின்றோம். இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாயிற்று. கொஞ்சம் மேற்கே தள்ளி, மெல்லிய ஒரு புள்ளி வந்தது.

அண்ணன் முதலில் இடது கண்ணை மூடினார், பிறகு வலது கண்ணை மூடினார்.

"ஒன்றுதான் தம்பி" என்றார். "முன்னால் போனதோடு சேர்த்தால் இரண்டு."